கோலப்பொடி மேல் விழுந்த பழி

என் கணவருக்கு அரண்மனை ஆபீஸில் உத்தியோகம். அந்த நாளில் மைசூரில் பெட்டிக் காமிரா வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர்தான். எடுத்த ஃபிலிமை வீட்டிலேயே கழுவியவர் எங்கள் அக்ரஹாரத்தில் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை குளித்து, நாமம் இட்டு, பூஜையை முடித்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்துவிடுவார். சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போவேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

ஆனால் எந்தச் சுருளைக் கழுவினாலும் மேலிருந்து கீழ்வரை தலைமுடி போல மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். பிரிண்ட் போட்டால் எல்லோரும் மழையில் நிற்பதுபோல இருக்கும். இதற்கு அவர் கண்டுபிடித்த காரணம் நான்தான்.

"கோலப்பொடிக் கையோட தொட்டா இப்படித்தான் ஆகும். இனிமே நீ உள்ள வராதே" என்றார்.

வெளியே நின்றேன். கோடு நிற்கவில்லை. பொடி காற்றில் பறந்து வருகிறதாம். போகட்டும் என்று அரிசிமாவைக் கரைத்து வாசலில் இழைக்கோலமே போட்டேன். உங்காத்தில் என்ன விசேஷம் என்று தெருவே விசாரித்தது. கோடும் போகவில்லை, என் மேல் போட்ட பழியும் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான், மேல்கோட்டையில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, என் அம்மா ஒரே ஒரு படத்துக்குச் சம்மதித்தாள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று வருஷக்கணக்காக மறுத்தவள். இன்னொரு தரம் கேட்கவே கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அந்த முகத்தின் மேலும் கோடு விழுந்தால் என்னால் தாங்க முடியாது. ஊர் திரும்பியதும் சுருளை என் புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். காரணம் தெரியும்வரை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் அவர் நாமம் இட்டுக்கொள்ளும் கண்ணாடியைத் துடைத்தேன். தெறித்துக் காய்ந்திருந்த திருமண்ணைத் தினமும் துணியால் அழுத்தித் துடைப்பது வழக்கம். அன்று வெயில் சாய்வாக விழுந்ததில் கண்ணாடி முழுக்க மெல்லிய கீறல்கள் தெரிந்தன. திருமண்ணைக் கொஞ்சம் குழைத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது.

அவர் நாமம் இட்ட விரலை வேஷ்டி ஓரத்தில் துடைத்துக்கொள்வார், அவ்வளவுதான். கழுவி முடித்ததும் தண்ணீர் வடிவதற்காக ஈர ஃபிலிமை அதே விரல்களுக்கிடையில் பிடித்து உருவுவார். கெட்டுப்போன ஃபிலிம் ஒன்றை நனைத்து, திருமண் விரலால் அவர் முன்னாலேயே உருவிக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு கோடாக இருந்தது. தற்செயலாக இருக்கும் என்று முணுமுணுத்தார்.

"அம்மா படத்தை நான் கழுவறேன். நீங்கோ வெளியில நில்லுங்கோ" என்றேன்.

சோப்பு போட்டுக் கையை அலம்பி, நகக்கண்ணைத் தேய்த்தேன். தூசி அடங்கத் தரையை நனைத்தேன். ஃபிலிம் கழுவும் மருந்தையும் தண்ணீரையும் மெல்லிய துணியில் வடிகட்டினேன். தட்டின் அடியில் உரசாமல் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தே கழுவினேன். கடைசியில் அதை உருவவே இல்லை. மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு ஒரு கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். தானாகவே சொட்டி உலரட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்து, அவரையும் உள்ளே விடாமல் காவல் இருந்தேன்.

உலர்ந்ததும் அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். கோடு தேடினார். திருப்பித் திருப்பித் தேடினார். அம்மாவின் நெற்றியில் இல்லை, கன்னத்தில் இல்லை, சுருள் முழுக்க எங்கேயும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சுருளோடு குளியலறை வாசலுக்கு வந்தார். நான் வழிமறித்து நின்றேன். சுருளை மடியில் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். புரட்டிப் பார்த்தேன். ஒரு நகக்கண்ணில் வெள்ளையாகத் துளி மண் இருந்தது.

"இன்னொரு தரம் அலம்பிண்டு வாங்கோ" என்றேன்.

திரும்பிக் கிணற்றடிக்குப் போனார்.