டபுளக்காவுக்கு வராத அழைப்பு

அவளிடம் இருந்தது ஒரே போன். அதில் இரண்டு நம்பர். அதனால் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு டபுளக்கா என்று பெயர். அழுக்குத் துணி வண்டி தள்ளுகிறவன் வைத்த பெயர் அது. வைத்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சலவைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வெயில் எட்டிக்கூடப் பார்க்காத நீளமான அறை. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் காய்ந்த துணி. ஈரப் பக்கத்தில் ரத்தக்கறையும் மருந்துக்கறையும் படிந்த விரிப்புகளை உதறி, தரம் பிரித்து, இயந்திரத்தில் திணித்து, பிழிந்த பின் கனத்துக் கிடப்பதை இழுத்து வெளியே போட வேண்டும். அது ஒப்பந்தக்காரரின் ஆட்கள் செய்யும் வேலை. காய்ந்த பக்கத்தில் சூடான உருளை இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு விரிப்பின் நுனியை உள்ளே கொடுத்தால் போதும், மறுபக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும். அங்கே உட்கார்கிறவர் மருத்துவமனையின் நேரடி ஆள். சம்பளமும் மருத்துவச் செலவும் மருத்துவமனையே கொடுக்கும்.

டபுளக்காவின் கைகள் அந்த நாற்காலிக்காகத்தான் காத்திருந்தன. வெளுப்பு மருந்து கையுறைக்குள்ளும் புகுந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. வீட்டில் சோறு பிசைந்தால் எரிந்தது. மேலே அதே கட்டடத்தில் தோல் மருத்துவர் இருந்தார். ஆனால் அவரைப் பார்க்க ஒப்பந்த ஆட்களுக்குச் சீட்டு கிடையாது. ஊருக்கெல்லாம் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் கைக்கு அந்தக் கட்டடத்திலேயே வைத்தியம் இல்லை என்பதை யாரும் ஒரு செய்தியாகக்கூட நினைக்கவில்லை.

இந்த இரண்டு நம்பர் எப்படி வந்தது என்றால், முதல் நம்பர் பழசு. வங்கி, மகளின் கல்லூரி, காஸ், மருத்துவமனை ஆபீஸ் எல்லாவற்றிலும் அதைத்தான் கொடுத்திருந்தாள். வாங்கும்போது கடைக்காரர், "ஆயுசுக்கும் வர்ற கால் எல்லாம் ஃப்ரீம்மா" என்றார். யாருடைய ஆயுசு என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச காலத்தில், பணம் போட்டால்தான் அழைப்பு வரும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதிலும் ஒரு சாமர்த்தியம். சம்பளம் வாங்குகிறவளுக்கு மாதம் என்றால் முப்பத்தொரு நாள்வரை இழுக்கும். ரீசார்ஜுக்கு மட்டும் இருபத்தெட்டே நாளில் மாதம் முடிந்துவிடும். பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த நாள்காட்டி அது.

ஆகவே பழைய நம்பருக்கு உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற அளவுக்குக் குறைந்த தொகையைப் போட்டாள். அதில் அழைப்பு வரும், கூப்பிட முடியாது. பேசுவதற்கும் மகளின் பாடங்களுக்கு நெட் கொடுப்பதற்கும் வேறொரு கம்பெனியின் மலிவான சிம் ஒன்றை இரண்டாவதாகப் போட்டுக்கொண்டாள். மலிவு என்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. முதல் மூன்று மாதம் கொஞ்சிவிட்டு நான்காவது மாதம் விலையை ஏற்றுவார்கள். அவள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போவாள். இதைச் சிக்கனம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. ஓட ஓட விரட்டப்படுகிறவளை ஓட்டப்பந்தய வீராங்கனை என்று பாராட்டுவது மாதிரிதான்.

அவள் இரண்டாவது சிம் வாங்க இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்துக்கு வானொலி என்று பெயர்.

வானொலி அவளைவிட இளையவள். ஈரப் பக்கத்தில் அவளோடு நின்றவள். வாய் ஓயாது. துணி உதறும்போதும் பேசுவாள், மூட்டை தூக்கும்போதும் பேசுவாள். அந்தப் பேச்சில்தான் டபுளக்காவுக்குப் பொழுது நகர்ந்தது. பேச்சில் வேலை கெடுகிறது என்று மேற்பார்வையாளர் இருவரையும் பிரித்துவிட்டார். டபுளக்காவுக்குக் காலை முறை, வானொலிக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து. ஒருத்தி உள்ளே வரும்போது இன்னொருத்தி வெளியே போக வேண்டியதுதான். இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரி போன் வாங்கினார்கள். இரண்டாவது சிம்மையும் ஒரே கம்பெனியில் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கம்பெனிக்குள் பேசினால் காசு இல்லை. டபுளக்கா தினமும் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கூப்பிடுவாள். வானொலி வீட்டில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே பேசுவாள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

உருளை இயந்திரத்துக்காரர் ஓய்வு பெற்றார். காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் டபுளக்கா. அடுத்தது வானொலி. மூன்றாவது, புதுசு என்று எல்லோரும் கூப்பிடுகிற ஓர் இளைஞன். ஆபீஸிலிருந்து போன் வரும், உடனே மேலே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க டபுளக்கா போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள்.

"கால் வந்துச்சாக்கா?" என்று வானொலி மதியம் கேட்பாள்.

"இல்லடி. உனக்கு?"

"முதல்ல உனக்குத்தானே வரும்? நீ எடுக்கலன்னாத்தான் எனக்கு."

"நான் எடுக்காம இருப்பேனா? குளிக்கும்போதுகூட சோப்பு டப்பா மேலதான் போன் இருக்கு."

"போன் வழுக்கி விழுந்து ரெண்டு சிம்மும் குளிச்சிடப் போவுது, பாத்து!"

வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் பேசினார்கள். கால் வருமா, எப்போது வரும், வந்தால் என்ன சேலை கட்டிக்கொண்டு போவது, ஆபீசர் கேட்டால் என்ன சொல்வது என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள்.

மறுநாள் காலையில் உருளை இயந்திரத்தின் முன்னால் புதுசு உட்கார்ந்திருந்தான்.

டபுளக்கா கையுறையைப் பாதி மாட்டியபடி தடுப்புச் சுவர் ஓரம் நின்று பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணல. உங்களைப் பலமுறை கூப்பிட்டாங்களாம். போன் ஆஃப்னு வந்துச்சாம். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

"என் போன் ஆஃபா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

போனை எடுத்துப் பார்த்தாள். தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. ஆபீஸில் பொய் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். இரண்டு மணிக்கு வந்த வானொலியும் தன் போனைக் காட்டினாள். அதிலும் ஒன்றும் இல்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. எங்க தெருவுல நம்பர் பாக்குறவர் ஒருத்தர் இருக்காரு. உன் நம்பரைக் கூட்டினா எட்டு வருது. எட்டு ஆகாதாம்."

"உன் நம்பரைக் கூட்டினா?"

"அஞ்சு. அமோகமான நம்பராம்."

"அப்ப உனக்கு ஏன்டி கெடைக்கல?"

வானொலி வாயை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு காட்சியைச் சலவைப் பிரிவு அதுவரை பார்த்ததில்லை.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் ஒரு கிடங்கில் காவலாளி. காலை நீட்டிக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். "நமக்குக் குடுத்து வெக்கல, விடு" என்றான்.

"யாரு குடுத்து வெக்கல? ஆளு பேரச் சொல்லு. நேராப் போய்க் கேக்குறேன்."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்த விதிக்கு மாடி ஆபீஸ்ல மேசை நாற்காலி போட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு விளக்கெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு மாடி ஏறினாள். சலவைப் பிரிவிலிருந்து ஆபீஸுக்கு இரண்டு மாடிதான். எழுத்தர் வழுக்கை விழுந்த, சலித்துப்போன மனிதர். அவளை உட்காரச் சொல்லவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன.

"உன் போன் அணைஞ்சு கிடந்துச்சும்மா. அடுத்தவளைக் கூப்பிட்டா அவ போனும் அணைஞ்சு கிடக்கு. மறுபடி உனக்கு, மறுபடி அவளுக்கு. நான் என்ன நாள் பூரா உங்களையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"நான் போனை அணைக்கவே இல்ல சார்."

"அப்ப அந்தக் கம்பெனிக்காரி பொய் சொல்றாளா? என் காதால கேட்டேன். ரெண்டு பேரையும் பதில் இல்லைன்னு எழுதிட்டேன். ரூல் தெரியும்ல? பதில் இல்லைன்னா வரிசையில கடைசிக்குப் போயிடும்."

கடைசி என்றால் நாற்பது பேருக்குப் பின்னால். அவள் கைகள் அதுவரை தாங்காது.

"எத்தனை மணிக்கு சார் கூப்பிட்டீங்க?"

"ஒரு மணிக்கு மேல. சாப்பாட்டு நேரத்துலதான் சும்மா இருப்பீங்கன்னு பாத்துக் கூப்பிட்டேன்."

ஒரு மணி. அவள் போனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார், ஒரே ஒரு உதவி. இப்பவே என் நம்பருக்குக் கூப்பிடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மேசை போனில் எண்களை அழுத்தினார். அவள் கையில் போன் அலறியது.

"அடிக்குதே. அன்னிக்கு அடிக்கலையே?"

"இருங்க சார்." அழைப்பைத் துண்டித்துவிட்டு, இரண்டாவது சிம்மிலிருந்து வானொலியைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா இந்நேரத்துல?"

"கேள்வி கேக்காத. பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

"அதையும் உனக்குச் சொல்லித் தரணுமாடி?"

வானொலி பேச ஆரம்பித்தாள். டபுளக்கா எழுத்தரைப் பார்த்து, இப்போது கூப்பிடுங்கள் என்று சைகை காட்டினாள். அவர் மறுபடி அழுத்தினார். மேசை போனின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேன் தடவிச் சொன்னது: நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

போன் அவள் கையில் சூடாக, விளக்கெரிய, வானொலியின் குரலோடு இருந்தது.

"அவ நம்பரையும் போடுங்க சார்."

போட்டார். அதே பெண், அதே தேன், அதே பொய்.

"ஒரு சிம்ல பேசும்போது இன்னொண்ணு செத்துப்போவுது சார். எங்களுக்கு யாரும் சொல்லல. உங்க கால் வந்துச்சான்னுதான் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தோம்."

எழுத்தர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அதுவும் அதே ரகம்.

"என் மாமனார் ஒரு வருஷமா என்கிட்ட பேசுறதில்ல" என்றார் மெதுவாக. "அவர் கூப்பிட்டா வேணும்னே அணைச்சு வெக்கிறேனாம்."

"அவருகிட்ட நான் வேணா வந்து சொல்றேன் சார். என் பேரை முதல்ல கடைசியிலிருந்து எடுங்க."

அவர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போஸ்டிங் ஆர்டர் கையெழுத்தாயிடுச்சும்மா. அந்தப் பையனை எழுப்ப முடியாது."

"அவனை எழுப்பச் சொல்லல. அவன் மேல தப்பில்ல. பதில் இல்லைன்னு எழுதாதீங்கன்னு சொல்றேன். பதில் சொல்ல நான் கீழேயேதான் இருந்தேன். நாலு எட்டு இறங்கி வந்து, இல்ல, படிக்கட்டுல நின்னு ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். மாடியிலிருந்து கீழ இருக்கிறவளைக் கூப்பிட ஆகாயத்துக்குப் போயா சார் கூப்பிடுவீங்க?"

"ரூல்ல போன்தான்னு இருக்கு."

"ரூல் போட்டவர் எனக்கு ரீசார்ஜ் பண்ணுவாரா?"

அவள் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லாத குரலாக இருந்ததால்தானோ என்னவோ, பக்கத்து மேசைக்காரர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். போனுக்குள் வானொலி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத கதை.

எழுத்தர் அதிகாரியின் அறைக்குள் போனார். நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். நாற்காலியில் இருந்த ஃபைல்களைத் தூக்கிக் கீழே வைத்தார். அப்போதும் அவள் உட்காரவில்லை.

"உங்க ரெண்டு பேரு இடமும் அப்படியே இருக்கும். பதில் இல்லைங்கிறதை அடிச்சாச்சு."

"அடுத்த காலி எப்ப சார்?"

"யாராவது ரிட்டயர் ஆகணும். இல்ல, புது மெஷின் வாங்கணும். என்கிட்ட கேட்டா எனக்கு என்ன தெரியும்?" பேனாவை மூடினார். "அதுவரைக்கும் அந்த இன்னொரு நம்பரையும் குடுத்துட்டுப் போ."

"அது அடுத்த மாசம் இருக்காது சார். விலை ஏத்தப் போறாங்கன்னு மெசேஜ் வந்திருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். அவளும் விட்டாள். அந்த ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் வித்தியாசமில்லை.

இறங்கும்போது போனில் வானொலியிடம் சொன்னாள். வானொலி அழுது, எழுத்தரைத் திட்டி, பிறகு சிரித்து, "ஒரு சிம்மைக் கழட்டிடலாமாக்கா?" என்றாள். எதைக் கழற்றுவது? பழையதைக் கழற்றினால் வங்கியும் கல்லூரியும் ஆபீஸும் போய்விடும். புதியதைக் கழற்றினால் மகளின் படிப்புக்கு நெட் போய்விடும். பேசுவதற்கும் பழையதில் தனியாகக் காசு போட வேண்டும். ஒரு சிம்மில் பேசும்போது இன்னொன்றும் வேலை செய்கிற போன் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் விலை சொன்னார். இருவரும் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

கடைசியில் ஏழைகள் எப்போதும் கண்டுபிடிக்கிற வழியைத்தான் அவர்களும் கண்டுபிடித்தார்கள்: காசு கேட்காத ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் பேசுவதில்லை. ஆபீஸ் மூடும்போது வானொலி ஈரப் பக்கத்தில் நிற்பாள். அவள் வீடு திரும்பும்போது டபுளக்கா தூங்கியிருப்பாள். மீதி இருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது.

மறுநாள் ஒரு மணிக்கு டபுளக்கா உலர்த்தும் இயந்திரத்தின் ஓரம் டப்பாவைத் திறந்தாள். போன் மடியில் கிடந்தது. எரிச்சல் தெரியாமல் இருக்கக் கரண்டியால் சாப்பிட்டாள்.

புதுசு தன் டப்பாவை எடுத்துக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"இன்னைக்கு யார்கிட்டயும் பேசலையாக்கா?"

"ஆபீஸ் நேரம்" என்றாள் அவள்.