தெய்வாத்தாள் அளந்த டிரெய்லர்

எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். என்னைப் பற்றி எழுதுவதென்றால் நாலு பக்கம் போதாது. சோமனூர்ப் பஞ்சுக் குடோனில் மூட்டை தூக்கிய காளிச்சாமி ஏழு லாரிக்கு முதலாளியான கதையை எழுதினால் மலரில் விளம்பரத்துக்கு இடம் இருக்காது. அதனால் இந்த வருஷம் தார்ப்பாய் தைக்கும் தெய்வாத்தாளைப் பற்றி எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்புதான். ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல நாலாம் வகுப்பு தாராளம்.

தெய்வாத்தாளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது தாராபுரத்துக்குக் கிழக்கே, வாழ்க்கைப்பட்டது சூலூருக்கு. வீட்டுக்காரர் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது மகள் இனியாவுக்கு மூன்று வயது. தெய்வாத்தாள் தீவன மூட்டைக்கு வாய் தைக்கும் வேலைக்குப் போனார். காலையில் போனால் இருட்டும்வரை கோணி ஊசிதான்.

அவரைக் கண்டுபிடித்தது நான். இதை யாரும் மறுக்க முடியாது. இருபது வருஷத்துக்கு முன்பு, நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்து இச்சல்கரஞ்சிக்குப் புறப்பட்ட என் லாரியின் தார்ப்பாய் சூலூர்ப் பிரிவில் மரக்கிளையில் மாட்டிக் கிழிந்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தீவனக் குடோனிலிருந்து இந்த அம்மணி ஊசியோடு வந்து, லாரி மேலேறி உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார். வழியெல்லாம் மழை. ஒரு நூல்கண்டுகூட நனையவில்லை. திரும்பி வந்ததும் நேராகக் குடோனுக்குப் போய், "ஏனுங் அம்மணி, நீங்க தீவன மூட்டை தைக்கற ஆளில்ல. தார்ப்பாய்க் கடை போடுங்க, மொத வேலை என்னுது" என்று சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான். அடுத்த மாதமே ஒரு தகரக் கொட்டகையில் கடை ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் ஒரு தப்புச் செய்தார். ஒரு லாரிக்கு ஒரு பக்கத்தை மட்டும் அளந்து, மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று தைத்துவிட்டார். மறுபக்கத்தில் ஒரு சாமான் பெட்டி. கயிறு கட்டும் வளையமெல்லாம் அந்தப் பெட்டி மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் அத்தனையும் பிரித்துத் திரும்பத் தைத்தார். அதிலிருந்து எந்த வண்டியானாலும் இரண்டு பக்கமும் அளப்பார். டேப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் அவரே ஒரு கயிறு செய்துகொண்டார். ஒரு முனையில் கொக்கி. அடிக்கு ஒரு முடிச்சு. கொக்கியை வண்டி மூலையில் மாட்டிவிட்டு முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டே நடப்பார். அடிக்கு மேல் வரும் கொசுறை விரற்கடையில், அதாவது விரல் அகலக் கணக்கில், சொல்வார்.

இப்போது மூன்று தையல் மிஷின், கூட வேலை செய்ய இரண்டு பெண்கள். இந்த வளர்ச்சிக்கு என் வண்டிகள் பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் பாலகோபாலின் பட்டறை. கணியூர் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் கட்டுகிறவர் பாலகோபால். அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு டிரெய்லருக்கும் தார்ப்பாய் தெய்வாத்தாள்தான். அந்தப் பட்டறை வேலை நின்றால் மூன்று மிஷினில் இரண்டுக்கு உறை போட்டு மூடிவிடலாம். இது பாலகோபாலுக்கும் தெரியும், தெய்வாத்தாளுக்கும் தெரியும்.

போன வருஷம் நானும் அங்கே ஒரு டிரெய்லர் கட்டக் கொடுத்தேன். நாற்பது அடி, மூன்று அச்சு. வைகாசியில் பூசை போட்டு வேலை ஆரம்பம். முதல் வெல்டிங் என் கையால்தான் என்று சொல்லிவிட்டேன். என் கைராசி இந்த வட்டாரத்துக்கே தெரியும். போர் போடுகிறவர்கள்கூட என்னைக் கூப்பிட்டு முதல் கடப்பாரை போடச் சொல்கிறார்கள். அன்றைக்கு நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம்தான் பாக்கி. வெல்டர் ஜெரோம் முதல் அச்சைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு அளந்து அளந்து சாக்பீஸில் குறி போட்டுக்கொண்டிருந்தார். "அளவு அப்பறம் பாத்துக்கலாம் ஜெரோமு, நேரம் போகுது" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடது பக்கத்துப் பிராக்கெட்டை நானே பிடித்துப் பொறி பறக்க வைத்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆவணி பிறந்து முதல் புதன் கிழமை டெலிவரி. ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் பூசை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூசை போட்டுப் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏறிவிட்டால் வண்டி நம்முடையது. அதற்குப் பிறகு குறை சொன்னால் வண்டிக்கும் ஆகாது, உறவுக்கும் ஆகாது. அதனால் நான் எட்டு மணிக்கே போய்விட்டேன்.

எனக்கு எழுபத்தோரு வயது. அந்த வயதில் டிரெய்லருக்கு அடியில் மல்லாக்கப் படுத்துப் பார்க்கிறவன் கோயமுத்தூர் ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன். ஒவ்வொரு வெல்டிங்கையும் போல்ட்டால் தட்டிச் சத்தம் கேட்டேன். பிரேக்குக்குக் காற்றுப் போகும் குழாய்களை இழுத்துப் பார்த்தேன். லைட்டு எரிகிறதா, பலகை ஆடுகிறதா, டயர் எந்த மாதம் செய்தது, எல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே வந்து, "பாலகோபாலு, குத்தம் கண்டுபிடிக்கத்தான் வந்தேன். ஒண்ணும் அம்படலை" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் தெய்வாத்தாள் வந்தார். தார்ப்பாய்க்கு அளவெடுக்க வேண்டும். மூலையில் கொக்கியை மாட்டி இடது பக்கம் நடந்தார். சக்கரம் வரும் இடத்தில் வளையம் வரக்கூடாது என்பதால் முதல் சக்கரம்வரை அளப்பது அவர் வழக்கம். பிறகு வலது பக்கம். பிறகு திரும்பவும் இடது பக்கம்.

மூன்றாவது முறை கொக்கியை மாட்டியபோது பாலகோபால், "ஏனுங்க்கா, தார்ப்பாய்க்கு அளக்கறீங்களா, இனியா கல்யாணத்துக்குப் பந்தல் அளக்கறீங்களா?" என்றார். பூசாரிகூடச் சிரித்தார். தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டினார். பாலகோபாலைப் பார்த்தார். சுருட்டியதைத் திரும்பப் பிரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணா, பூசையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன் அம்மணி?"

"ரெண்டு பக்கமும் சக்கரம் ஒரே எடத்துல நிக்கலீங்க. எடது பக்கம் ஒண்ணரை விரக்கடை முன்னால நிக்குது."

"நான் அடியில படுத்துப் பாத்துட்டனே! முப்பத்தெட்டு வருசமா வண்டி பாக்கற கண்ணு இது."

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் கொறை இல்லீங்ணா. ஒண்ணரை விரக்கடையை எந்தக் கண்ணும் புடிக்காதுங்க. ரோட்டுல போனா வண்டி கோணி நடக்கும். ரெண்டு மாசத்துல அத்தனை டயரும் தேஞ்சு போயிரும்."

பாலகோபாலுக்கு இது கேட்டுவிட்டது. அவர் மரியாதையான மனுஷர். குரல் உயரவில்லை. ஆனால் சொன்ன சொல் கனமாக இருந்தது.

"தைக்க வந்தவங்க தைச்சாப் போதுங்க்கா. எம் பட்டறை வாசல்ல நின்னு எஞ் சரக்கைக் குத்தஞ் சொல்றதுன்னா, அப்பறம் நீங்க எதுக்கு இங்க வரோணும்?"

தெய்வாத்தாள் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்னா வரலீங்க தம்பி. ஆனா கோணல்னு தெரிஞ்சும் அது மேல தார்ப்பாயைப் போட்டு மூடிக் குடுக்க எனக்கு ஆவாதுங்க" என்றார்.

பூசாரி, "நேரம் போயிட்டே இருக்குதுங்க, இன்னும் பதினேழு நிமிசந்தான்" என்றார்.

நான் பேச்சில் தோற்கிறவன் இல்லை. அது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒரு பெண்பிள்ளை தன் சோற்றையே பணயமாக வைத்துப் பேசினால், அதைக் கேட்கிறவன்தான் முதலாளி. "ஜெரோமு, இரும்பு டேப்பைக் கொண்டா" என்றேன்.

முன்னால் லாரியோடு மாட்டுகிற இரும்பு முளையிலிருந்து இடது அச்சு முனைக்கு ஒரு அளவு, வலது முனைக்கு ஒரு அளவு. நானே குனிந்து படித்தேன். முப்பது மில்லி வித்தியாசம். இரண்டு மூன்று மில்லிக்கு மேல் இருந்தாலே வண்டியை எடுக்கக்கூடாது. பாலகோபால் டேப்பை வாங்கித் தானும் அளந்தார். அப்புறம் ஜெரோமைப் பார்த்தார்.

ஜெரோம் தலையைச் சொறிந்தார். "சொல்லிடறனுங்க. வலது பக்கம் குறிப்படி வெச்சேன். எடது பக்கம்... ஐயா கை வெச்ச வெல்டிங்குங்க. பூசையில வெச்சது. அதை அறுக்க எனக்கு மனசு வரலீங்க. அச்சை இழுத்துக் கட்டற ராடுல சரி பண்ணிக்கலாம்னு பாத்தேன், அது பத்தலை. பின்னால ரெண்டு அச்சும் அதைப் பாத்தே மாட்டிப்போட்டேன். பெயிண்டும் அடிச்சுட்டாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறொருவனாக இருந்தால் ஜெரோமைத் திட்டியிருப்பான். நான் முதல் ஆளாகச் சிரித்தேன்.

"பாத்தீங்களா, நான் ஒரு பொறி வெச்சா மூணு மாசத்துக்கு அதை அறுக்க ஒருத்தருக்கும் தைரியம் வரலை! தப்பு என்னுதுதான் பாலகோபாலு. அளக்க உடாம அவசரப்படுத்தினது நாந்தான். அறுத்துப் போடுங்க."

"பூசைங்க?" என்றார் பூசாரி.

"அடுத்த வாரமும் புதன் கெழமை வருமுங்க. பூசணிக்காயைப் பத்திரமா வெய்யுங்க."

ஜெரோம் கிரைண்டரை வைத்து அறுக்க மத்தியானம் வரை ஆயிற்று. நான் வைத்த வெல்டிங் அவ்வளவு கெட்டி. அடுத்த புதன் கிழமை டிரெய்லரை எடுத்தேன். தெய்வாத்தாள் தைத்த தார்ப்பாய் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

ஆனால் பாலகோபால் பட்டறையிலிருந்து அவருக்கு அப்புறம் அழைப்பு வரவில்லை. ஆவணி முழுவதும் வரவில்லை. ஒரு நாள் கடைக்குப் போனேன். ஒரு மிஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நான் இப்பவே போயி அந்தாளை நாலு கேள்வி கேக்கறேன் அம்மணி."

"வேண்டாங்ணா. நீங்க கேட்டா அவுரு வீம்புக்கு நிப்பாரு. அவுரு கெட்ட மனுசன் இல்லீங்க, நாலு பேரு முன்னால சொன்னது சுட்டுப்போச்சு. தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொல்லியிருக்கோணும். அது எந் தப்பு."

"வருத்தமா இருக்குதா?"

"ராத்திரி தூக்கம் வருதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் சும்மா இருக்கிற ஆளா? என் டிரைவர் அமீர் ஹம்சாவிடம் ஒரு யோசனை சொன்னேன். அவர் அந்த டிரெய்லரில் மூன்று நடை இச்சல்கரஞ்சி போய் வந்தபின், நேராகப் பாலகோபால் பட்டறைக்கு விட்டார். அங்கே டிரெய்லர் கேட்டு வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமீர் ஹம்சா பாலகோபாலிடம், அவர்கள் காதில் விழும்படி, "மொதலாளி, வந்து டயரைப் பாருங்க. பன்னெண்டும் ஒரே மாதிரி. கயிறு புடிச்ச மாதிரி நேராப் போகுதுங்க வண்டி" என்றார். வந்தவர்கள் எழுந்து வந்து டயரைத் தடவிப் பார்த்தார்கள். "எங்குளுதையும் இப்படியே அளந்து குடுத்துருவீங்களா?" என்று கேட்டார்கள். பாலகோபால் என்ன சொல்வார்? "அளந்துதானுங்க குடுக்கறது" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் சூலூர்க் கடைக்கு நேரில் போனார். நானும் அங்கேதான் இருந்தேன். தற்செயலாக அல்ல, எதிர்பார்த்தே இருந்தேன்.

"அக்கா, ரெண்டு டிரெய்லர் நிக்குது. நாளைக்கு வாறீங்களா?"

தெய்வாத்தாள் மிஷினை நிறுத்தினார். "பெயிண்டு அடிச்சாச்சுங்களா தம்பி?"

"இல்லீங்க. இன்னும் அச்சே முழுசா மாட்டலை."

"அப்ப வாரேனுங்க. இனிமே பெயிண்டுக்கு முந்தியே கூப்புடுங்க. எதாச்சும் இருந்தா உங்க காதுல மட்டும் சொல்றேன். பெயிண்டுக்கு அப்பறம் கூப்புட்டீங்கன்னா, தார்ப்பாயை மட்டும் தைச்சுட்டுப் போக மாட்டேன். அன்னிக்கு மாதிரிதான் பேசுவேன்."

பாலகோபால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சரிங்க்கா" என்றார்.

போன வாரம் அந்தப் பட்டறைப் பக்கம் போனேன். பெயிண்ட் காணாத வெறும் இரும்பு டிரெய்லர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் தெய்வாத்தாளின் செருப்புக் கால் மட்டும் தெரிந்தது. பாலகோபால் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "சரியா இருக்குதுங்களாக்கா? வெல்டிங்கை முடிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "அவசரப்படாதீங்க தம்பி. இன்னும் வலது பக்கம் பாக்கி இருக்குது."