கம்பம் எடுக்காத ஊர்

மாலை ஆறு பத்து. வெளிச்சம் இன்னும் இருந்தது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுச்சாமம் என்று நினைப்பீர்கள். எனக்கு நடந்தது ஆள் முகம் தெரிகிற நேரத்தில். நான் குடிப்பதில்லை. காய்ச்சலும் இல்லை. பார்த்ததைவிட ஒரு வார்த்தை கூடுதலாக எழுதப் போவதில்லை.

என் பெயர் சசிகுமார். திருப்பூரில் டாடா ஏஸ் ஓட்டுகிறேன். கட்டிங் முடிந்த துணியைத் தையல் யூனிட்டுகளில் இறக்குவது வேலை. அன்று வண்டியில் துணி இல்லை. தங்கை அன்புசெல்வியைக் கூட்டிவரக் காலியாகப் போனேன்.

அவளைக் கட்டிக்கொடுத்த ஊர் நொச்சிவலசு. நொய்யல் கரையில் ஒரே ஒரு தெரு. ஒரு காலத்தில் நாற்பது குடும்பம் இருந்ததாம். ஆற்றில் சாயத் தண்ணீர் வந்தது. கிணறுகள் கெட்டன. தென்னை காய்ப்பதை நிறுத்தியது. மாடுகள் தொட்டித் தண்ணீரை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. மாட்டை விற்றவர்கள் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். பிறகு கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்தார்கள். கொரோனா வந்த வருடம் ஒன்பது வீட்டில்தான் ஆள் இருந்தது. மற்றவை இடிந்து விழுந்திருந்தன.

அந்தப் பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, கம்பம் நட்டார்கள். மூன்று கவராகப் பிரிந்த வேப்பமரக் கிளை. நட்டவுடன் ஊரில் எல்லோருக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். அதன்பின் யாரும் வெளியூரில் தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் வந்து ஊரில்தான் படுக்க வேண்டும். நோம்பி முடிந்து, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட பிறகுதான் காப்பு அவிழும்.

அந்த வருடம் கம்பம் நட்ட மூன்றாம் நாள் ஊரடங்கு. போலீஸ் வந்து கோயிலைப் பூட்டச் சொன்னது. பயந்துபோய் ஆளாளுக்குக் காப்பை அறுத்துவிட்டுப் பிள்ளைகள் இருக்கிற ஊருக்குப் போனார்கள். கம்பத்தை யாரும் எடுக்கவில்லை. பழைய கம்பம் நிற்கும்போது புதுசு நடக் கூடாது. அதனால் பிறகு நோம்பியே இல்லை. போனவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். காங்கேயத்தில் ஒருவர். பல்லடத்தில் இருவர். மடத்துக்குளத்தில் பூசாரி.

கடைசியாக இருந்தது தங்கை வீடு மட்டும். இந்தத் தை மாதம் மாப்பிள்ளை தங்கதுரை கோவை ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர்கள் மகள் பிரியங்கா கொரோனா வருடம் ஆடியில் பிறந்தவள். அவளை நான் அனுப்பர்பாளையத்தில் என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று, அம்மா எப்போது வரும் என்று கேட்பாள்.

ஊரின் மக்கள்தொகை ஒன்று.

நான் போனபோது செல்வி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாசலை மட்டுமல்ல. அந்த ஒன்பது வாசலும் கூட்டியிருந்தது.

"ஏம் புள்ள, சம்பளத்துக்குக் கூட்டறயா?" என்றேன்.

"வாங்கண்ணா. காப்பி குடிக்கறீங்களா?"

"பேசாம எலெக்சன்ல நின்னுரு. நீதான் ஊரே. அன்னபோஸ்ட்ல தலைவராயிருவே."

அவள் சிரித்தாள். "நின்னா ஓட்டு நெறைய விழுகுமுங்ணா" என்றாள்.

நானும் சிரித்தேன்.

துணிமணியைக் கட்டச் சொன்னேன். பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொள்ளலாம், தெரிந்த யூனிட்டில் செக்கிங் வேலை சொல்லி வைத்திருக்கிறேன், நாளைக்கே போகலாம் என்றேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் காப்பு. கறுத்து நூலாகியிருந்தது. அவள் மட்டும் அறுக்கவில்லை.

"கம்பம் நிக்குதுங்ணா. நான் எங்க போயிப் படுக்கறது?"

"பாப்பா அழுகுது செல்வி."

அவள் செம்பில் தண்ணீர் எடுத்து மஞ்சளைக் கரைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது பெண்கள் வழக்கம். பின்னாலேயே போனேன்.

கம்பத்தைச் சுற்றித் தரை சேறாக இருந்தது. அவள் இன்னும் ஊற்றவில்லை.

"காலைல ஊத்துனயா?"

"இல்லீங்ணா. சாயங்காலம் ஒரு செம்புதான்."

மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தச் சேறு ஒரு செம்பில் ஆகிற சேறு இல்லை. பத்துக் குடம் வேண்டும்.

கம்பத்தின் மேல் பட்டையை நகத்தால் கீறினேன். ஆறு வருடமாக நிற்கிற வெட்டுக் கிளை. உள்ளே பச்சையாக இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பயம் இல்லை, கோபம். ஒரு கட்டைக்காக ஒரு குழந்தை தாயில்லாமல் இருக்கிறது. நானே பிடுங்கிக் கிணற்றில் போடுகிறேன் என்றேன்.

"காப்புக் கட்டாதவங்க தொடக் கூடாதுங்ணா."

"அப்பக் கட்டி உடு."

"வேண்டாங்ணா."

"கட்டு புள்ள."

"சொன்னாக் கேளுங்க. வேண்டாம்."

கோயில் மாடத்தில் நூல்கண்டு இருந்தது. ஒரு துண்டு பிய்த்தேன். செம்புத் தண்ணீரில் நனைத்தேன். பல்லால் கடித்து நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

செல்வி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். அசைத்தேன். சேற்றில் நிற்கிற கட்டை, அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை.

அப்போதுதான் செல்போனில் மணி பார்த்தேன். ஆறு பத்து.

டக்.

தெருவின் மேற்குக் கடைசி வீடு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பழைய கதவில் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

அந்த வீட்டின் கதவு வெளியே பூட்டியிருந்தது. துருப்பிடித்த பூட்டு. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

தாழ்ப்பாள் விழுந்தது உள்ளே.

டக்... அடுத்த வீடு.

டக்... அதற்கடுத்தது.

பேச்சு இல்லை. காலடி இல்லை. தாழ்ப்பாள் மட்டும். ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் படுக்கப் போகிற மாதிரி... ஒவ்வொரு வீடாக... கோயிலை நோக்கி.

என் கை கம்பத்திலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

எட்டு வீடு முடிந்தது.

ஒன்பதாவது செல்வி வீடு. கதவை நாங்கள் சாத்திக்கூட வரவில்லை. திறந்து கிடந்தது.

மெதுவாகச் சாத்திக்கொண்டது.

டக்.

"உள்ள யாரு செல்வி?"

"உங்க மாப்பளைங்ணா."

அவள் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தேன். அவள் வரவில்லை. அழவும் இல்லை.

"நான் அங்க வந்து படுத்தா, என்னையக் கூப்பிட எல்லாரும் அங்க வருவாங்க. பாப்பா அங்க இருக்குதுங்ணா."

நான் கையை விட்டேன்.

"நீங்க போங்க. புள்ளையப் பாத்துக்குங்க."

அவள் நடந்து போனாள். கதவைத் தட்டவில்லை. வாசலில் நின்றாள். உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

நான் ஓடினேன்.

நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். நூல் அறுக்கிற பிளேடால் காப்பை அறுத்து ஆற்றில் போட்டேன். நுரையில் விழுந்தது. வீட்டுக்கு வந்து குளித்தேன். செல்வி இன்னும் கொஞ்ச நாள் கழித்து வருவாள் என்று பிரியங்காவிடம் சொன்னேன். அவள் நம்பினாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். படுத்தவுடன் தூங்கினேன். கனவே இல்லை. ஒருநாள் என் மனைவி சித்ரகலா மட்டும் கேட்டாள்.

"ஏனுங்க, ராத்திரியானா உங்க ஒடம்பு இப்புடிச் சில்லுன்னு கெடக்குது? கூப்புட்டாலும் எந்திரிக்க மாட்டேங்கறீங்க."

வேலை அலுப்பு என்றேன்.

நாற்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. போன் அடித்தது. சித்ரகலா என்னை உலுக்கி எழுப்பினாள். வெகுநேரம் உலுக்கியிருக்கிறாள். காலை ஆறு ஐந்து.

புது எண். பெண் குரல்.

"அண்ணா, வணக்கமுங்க. நான் டீச்சருங்க, சனத்தொகைக் கணக்கெடுக்க வந்திருக்கேன். நொச்சிவலசுல இருந்து பேசறேன். வெயிலுக்கு முந்தி முடிச்சரலாம்னு நேரத்துலயே வந்துட்டேன், தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க."

"சொல்லுங்க."

"இந்த ஊர்ல ஒருத்தருதான்னு சொல்லி அனுப்புனாங்க. வந்து பாத்தா ரெண்டு பேரு இருக்காங்க. அந்த அம்மா விவரம் குடுத்துட்டாங்க. உள்ள ஒருத்தரு சொவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. பேரு சசிகுமாருங்களாம். எங்கண்ணன், தெனமும் ராத்திரி இங்கதான் படுப்பாருங்கறாங்க. அசந்து தூங்கறாரு, எழுப்ப வேண்டாம், வயசக் கேட்டுக்குங்கன்னு இந்த நம்பரக் குடுத்தாங்க. அதான் அடிச்சேன், அவருக்கு வயசு எத்தனைங்க..."

குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. கதவுப் பக்கம் நின்று எட்டிப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது மெதுவாகப் பேசினாள்.

"இப்பத்தான் பொரண்டு படுக்கறாரு. ஏனுங்க, நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?"