சின்னவள் பாட்டில் இருபத்துமூன்று குறைகள்

என் லேப்டாப் பைக்குள், சார்ஜர் வைக்கிற அறையில், நாலாக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று இருக்கிறது. நீல பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது. எவ்வளவு அழுத்தி எழுதியது என்றால், தாளைத் திருப்பிப் போட்டுத் தடவினாலே எழுத்துகள் புடைப்பாக விரலில் தட்டுப்படும். மேலே ‘சின்னவள் பாட்டில் உள்ள குறைகள்’ என்று தலைப்பு, அதற்கு அடியில் இரண்டு கோடு. கீழே ஒன்று முதல் இருபத்துமூன்று வரை வரிசையாகக் குறைகள். இரண்டாவதிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் பிற்பாடு அடித்துவிட்டேன். முதலாவது மட்டும் அடிக்கப்படாமல் நிற்கிறது. சின்னவள் என்பது என் ஓரகத்தி, என் கொழுந்தனாரின் மனைவி. பாட்டு யாருடையது என்பதில்தான் வில்லங்கம்.

இந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லியாக வேண்டும். தென்னூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிப்பது என் வேலை. டாக்டர் சொல்லச் சொல்ல, கல்லீரல் இவ்வளவு, பித்தப்பை அப்படி, சிறுநீரகத்தில் கல் இந்த இடத்தில் என்று நம்பர் போட்டு அடித்து, கடைசியில் ‘முடிவு’ என்று ஒரு வரி போடுவோம். பகலெல்லாம் ஊரார் வயிற்றில் இருக்கிற கோளாறைப் பட்டியல் போட்டுவிட்டு, சாயங்காலம் டவுன் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேருவேன். சின்ன வயதில் ஆறு வருஷம் கீபோர்டு படித்தவள் நான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, லேப்டாப்பிலேயே இசை போடலாம் என்று தெரிந்தபோது, சாமி வந்தவள் மாதிரி ஆகிவிட்டேன். நல்ல ஹெட்போன், ரெண்டு சாண் நீளத்தில் ஒரு கீபோர்டு, மாடி அறையில் ஒரு மேஜை. வீட்டில் எல்லோரும் ‘பெரியவள் மியூசிக் போடுறா’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. பேருக்குத் தகுந்த வேலைதான் நடக்கவில்லை.

கால் நிமிடத்துக்கு ஒரு துண்டு போடுவேன். தம்புரா மாதிரி ஒரு சத்தம், மேலே ஒரு புல்லாங்குழல், அடியில் கொஞ்சம் தாளம். அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சுற்றும், லூப் என்பார்கள். சுற்றச் சுற்றக் கேட்டுக்கொண்டே இருப்பேன். முதல் அரைமணி நேரம் நானே மேதை என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில் சலிக்கும். தாளத்தை மாற்றுவேன், குழலை எடுத்துவிட்டு வீணை போடுவேன், கடைசியில் ‘சரியில்லை’ என்று மூடிவிட்டு மறுநாள் வேறொன்றை ஆரம்பிப்பேன். புதுசு ஒன்று, புதுசு இரண்டு, புதுசு இரண்டு மறுபடியும் என்று ஒன்றரை வருஷத்தில் நாற்பத்தொரு ஃபைல். ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஹெட்போன் சரியில்லை, அதனால்தான் வரவில்லை என்று ஒரு நாள் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தாமலே, “ஆடமாட்டாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார்.

அந்த நேரத்தில்தான் சின்னவள் துறையூரிலிருந்து கல்யாணமாகி வந்தாள். சங்கீதம் என்றால் சரிகமபதநிகூடத் தெரியாது. பகலில் எனக்கு வேலை, அவளுக்குப் பொழுது போகவில்லை. பாவமே என்று நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, இதை அழுத்தினால் பதிவாகும், இதை இழுத்தால் நீளும் என்று சொல்லிக்கொடுத்தேன். என் லேப்டாப்பைத் தொடவும் அனுமதித்தேன். அன்றைக்கு எனக்கிருந்த பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. ஒரே வாரத்தில் ஒரு பாட்டை முடித்துவிட்டாள். மாமியார் பூண்டு தட்டுகிற சத்தத்தைப் போனில் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்து, மேலே தானே முனகி, இரண்டரை நிமிடத்துக்கு ஒரு பாட்டு. அதற்குப் பேரே ‘பூண்டு’. இடையில் சுருதி ஒரு பக்கம் போகிறது, தாளம் ஒரு பக்கம் போகிறது. ஆனால் ஆரம்பம் இருந்தது, நடு இருந்தது, முடிவு இருந்தது. அடுத்த வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் கண்டக்டர் ஊதுகிற விசிலை வைத்து இன்னொன்று. ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுவாள். சொந்தபந்தமெல்லாம் கைதட்டுகிற பொம்மையாக அனுப்பித் தள்ளும்.

எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பச்சைப் பொறாமை. பஸ்ஸில் யாராவது விசில் அடித்தால்கூட வயிறு எரியும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே ‘பூண்டு’ பாட்டை இரண்டாம் தடவை கேட்டார். என்னுடையது எதையாவது இப்படி முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். “முழுசா இருந்தாத்தானே கேக்குறது” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினார். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது. அன்று ரசம் ஊற்றிய கரண்டியை நான் வைத்த சத்தத்தைப் பதிவு செய்திருந்தால் சின்னவளுக்கு இன்னொரு பாட்டு கிடைத்திருக்கும்.

இந்த நிலையில் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. புத்தூரில் ஒரு நடன ஆசிரியை, எங்கள் சென்டருக்கு ஸ்கேன் எடுக்க வந்து பழக்கமானவர். அவருடைய மாணவிகளின் ஆண்டு விழாவில், வார்த்தையே இல்லாமல் ஆற்றைப் பற்றி ஆறு நிமிட நடனம் ஒன்று வைக்க வேண்டும், இசை நீங்கள் போட்டுத் தர முடியுமா என்றார். வீட்டுக்கு வெளியே ஒரு மனுஷி என்னை இசை போடுகிறவளாக நினைத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. தலையைத் தலையை ஆட்டினேன். இரண்டு மாதம் இருந்தது. ஐந்து வாரம் கழித்து என்னிடம் இருந்தது புதுசு நாற்பத்திரண்டு, பதினேழு விநாடி. அப்போது ஆசிரியை போன் செய்தார். “உங்க வீட்ல இன்னொருத்தங்க போடுறாங்களாமே, யாரோ ஸ்டேட்டஸ் காட்டுனாங்க. உங்களுக்கு நேரமில்லன்னா அவங்களையே கேட்டுக்கவா?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஒரு வாரம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். இதுவும் அவளுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் மியூசிக் போடுகிறவள் யார் என்பது முடிந்துபோன கேள்வி.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது மேலே லேப்டாப்பின் ஸ்பீக்கரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டேன். ஒரு புல்லாங்குழல், ரொம்ப நிதானமாக, கோடைக்கால ஆற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிக்கிற மாதிரி நகர்ந்தது. குறை இல்லை என்று சொல்ல மாட்டேன், நிறையக் குறை. ஆனால் அதில் ஒன்று இருந்தது. இதை நான் போடவில்லையே என்று நெஞ்சில் சுருக்கென்றது. படியிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மேலே போனதும் சின்னவள், “அக்கா, இதை உங்க போனுக்கு அனுப்புறேன். இதுல என்ன குறைன்னு கேட்டுச் சொல்லுங்களேன், எனக்குப் பிடிபடல” என்றாள். சொல்கிறேன்டி, நன்றாகச் சொல்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

பால் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். இருபது தடவையாவது கேட்டிருப்பேன். தொழில் தெரிந்தவள் அல்லவா, ரிப்போர்ட் மாதிரியே நம்பர் போட்டேன். ஒன்று, வேகம் இல்லை, நடக்கவே தெம்பில்லாத மாதிரி இருக்கிறது. இரண்டு, ஆரம்பிக்காமலே ஆரம்பித்துவிடுகிறது. ஏழு, ஒரே இடத்தில் சுற்றுகிறது, வீட்டை விட்டு வெளியே போகப் பயம். பதினொன்று, ஒரே நேரத்தில் ஐந்து சத்தம், எது முக்கியம் என்று போட்டவளுக்கே தெரியவில்லை. பதினாறு, குழல் மூச்சே விடவில்லை, மனுஷி வாசித்தால் செத்துப்போவாள். இருபத்துமூன்று முடிந்ததும் கீழே ‘முடிவு’ என்று போட்டு, ‘இதை இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது’ என்று எழுதினேன். அவளை இனி எழுந்திருக்கவே விடக்கூடாது என்பதுதான் எண்ணம். அதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பல நாள் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

காலையில் அவள் கையில் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். தலைப்பைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது. முழுவதையும் வாசித்து முடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, “அக்கா, இது நீங்க போட்ட பாட்டுதான்” என்றாள். விளையாடுகிறாள் என்று நான் சிரித்தேன். “உங்க புதுசு பதினேழு. ஃபைலெல்லாம் பார்த்துட்டு இருந்தப்ப கெடச்சுது. வாசிச்சுப் பழகலாம்னு வேகத்தை மட்டும் பாதியாக் கொறச்சேன். இவ்வளவு நல்லா இருக்கே, ஏன் அக்கா பாதியில விட்டாங்கன்னுதான் கேட்டேன்.” பாத்திரத்தில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவருமே அடுப்பை அணைக்கவில்லை. மாமியார்தான் உள்ளே வந்து, “ரெண்டு பேரு நிக்கிறீங்க, ஒரு பாலைப் பாத்துக்க முடியல” என்று அடுப்பை நிறுத்தினார்.

அன்று பஸ்ஸில் போகும்போது அவமானம் கழுத்து வரை இருந்தது. யாருடைய பாட்டைப் பார்த்து எரிந்தேன் என்று யோசித்தால் சிரிப்பும் வந்தது. ஆனால் பாலம் தாண்டும்போது வேறொன்று புரிந்தது. என் பாட்டு என்று நினைத்துக் கேட்டபோதெல்லாம் நான் சொன்னது ‘சரியில்லை’ என்கிற ஒரே வார்த்தை. வயிறு வலிக்கிறது என்று வருகிறவருக்கு ‘சரியில்லை’ என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தால் எந்த டாக்டர் வைத்தியம் பார்ப்பார்? அவளுடையது என்று நினைத்தவுடன்தான் எங்கே கல், எவ்வளவு பெரிய கல் என்று கண்ணில் பட்டது. என்மேல் எனக்கு இருந்த பாசமோ பயமோ காதை அடைத்து வைத்திருந்தது. பொறாமைக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

சாயங்காலம் வந்ததும் சின்னவளிடம் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது குறையிலிருந்து தொடங்கினேன். புதிதாக எதையும் யோசிக்கக் கூடாது, தாளில் இருப்பதை மட்டும் சரி செய்ய வேண்டும், செய்தால் ஒரு கோடு. ஐந்து சத்தத்தில் மூன்றைத் தூக்கி எறிந்தேன். குழல் மூச்சு விட இடம் விட்டேன். சுற்றுகிற இடத்தை உடைத்து வெளியே அனுப்பினேன். போன இடத்தில் ஒரு மழை வந்தது, அதற்குப் பின் வெள்ளம் வந்தது. ஐந்தே நாளில் இருபத்திரண்டு கோடு. முதல் குறை மட்டும் பாக்கி. வேகத்தைப் பழையபடி ஏற்றிப் பார்த்தேன். அதே பழைய புதுசு பதினேழு, ஒன்றரை வருஷம் முன்பு நான் மூடி வைத்த அதே பிணம். குறைத்தேன், ஆறு மறுபடி நகர்ந்தது. பாட்டுக்கு உயிர் கொடுத்தது அந்த வேகம்தான், அது அவள் வைத்த வேகம். அப்படியே விட்டுவிட்டேன். ஆசிரியைக்கு அனுப்பியபோது ஆறு நிமிடம் நாலு விநாடி. வாழ்க்கையில் நான் முடித்த முதல் பாட்டு.

விழா அன்று புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். நீல தாவணியில் பத்துப் பெண்கள் ஆறாக ஓடினார்கள். முடிந்ததும் ஆசிரியை மைக்கில் இசை என்று என் பேரைச் சொன்னார், என் பேரை மட்டும். நான் கொடுத்தது அந்தப் பேர்தானே. எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் சின்னவள் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். திரும்பும்போது ஆட்டோவில் மாமியார், “பரவாயில்லையே, முடிச்சுட்டியே” என்றார். என் வீட்டுக்காரரும் இந்தத் தடவை முழுசாகக் கேட்டிருந்தார். சின்னவள் ஓரமாக உட்கார்ந்து வழியெல்லாம் அந்தக் குழலை முனகிக்கொண்டு வந்தாள்.

கொழுந்தனாருக்கு வேலை மாற்றலாகி அவர்கள் ஓசூர் போய் இரண்டு வருஷமாகிறது. நான் அதற்குப் பின் பதினொரு பாட்டு முடித்திருக்கிறேன். எப்போது தேங்கினாலும் ஒரு தாளை எடுத்து, மேலே ‘சின்னவள் பாட்டில் உள்ள குறைகள்’ என்று எழுதிவிட்டு என் பாட்டைக் கேட்பேன். கை தானாக ஓடும். அவளோ குறும்படம், நகைக்கடை விளம்பரம் என்று எங்கேயோ போய்விட்டாள். போன வாரம் பேசும்போது, என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். அந்த லிஸ்ட்டை உனக்கு உதவுவதற்காக எழுதவில்லை, பொறாமையில் எழுதினேன் என்று. “தெரியும்க்கா” என்றாள். “உதவி பண்றவங்க அவ்வளவு அழுத்தியா எழுதுவாங்க?” சொன்னதோடு சொன்னதாக, அந்த ஆற்றுப் பாட்டின் வேகம் உன்னுடையது, நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். “அதுவும் தெரியும். மைக்ல பேர் சொன்னப்ப எல்லாரையும் பார்த்தீங்க, என்னை மட்டும் பார்க்கல.” கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, புதுப் பாட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன், கேட்டு லிஸ்ட் போட்டுக் கொடுங்கள், நம்பர் போட்டு என்றாள்.

ஆசிரியைக்கு அன்றே போன் செய்து, அந்தப் பாட்டுக்கு இரண்டு பேர் என்று சொன்னேன். பிறகு மேஜையில் உட்கார்ந்து சின்னவளின் பாட்டைக் கேட்டேன். முதல் அரை நிமிடத்திலேயே வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. பழைய தாளை எடுத்து விரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோட்டிலிருந்து புதுத் தாள் ஒன்றைக் கிழித்தேன். தலைப்பு எழுதினேன், இந்தத் தடவை அது உண்மை. அழுத்தாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்றாவது குறையிலேயே பேனா தாளைக் கிழித்துவிட்டது.