கேள்வி கேட்கிற பட்டறை

முப்பது போர்டு என்றால் யாரும் மதிக்க மாட்டார்கள். மூவாயிரம் என்று சொல்லிப் பாருங்கள், காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். முன்னூறு என்றால் நிற்க வைத்தாவது பேசுவார்கள். முப்பது என்றதும் போனிலேயே குரல் மாறிவிடும். எனக்கு வேண்டியது எப்போதும் முப்பதுதான், சில சமயம் இருபது.

நான் செய்வது விசைத்தறிக்கான சின்ன சர்க்யூட் போர்டு. தறியில் பாவு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு விழுந்து அடியில் இருக்கும் கம்பியைத் தொடும், உடனே தறி நிற்க வேண்டும். ஆனால் தறியின் அதிர்வில் தகடு சும்மா ஒரு முறை தட்டிவிட்டுப் போனாலும் நின்றுவிடக் கூடாது. நிஜமாக அறுந்ததா, சும்மா தட்டியதா என்று பார்த்து மோட்டாரை நிறுத்துவது என் போர்டின் வேலை. நகரியில் தறிக்காரர்கள் சிலர் வாங்குகிறார்கள். படத்தை நான் கம்ப்யூட்டரில் வரைவேன். வெறும் போர்டை வெளியே செய்யக் கொடுத்து, வந்தபின் பாகங்களை வைத்து ஈயம் பற்ற வைப்பேன்.

அதற்கு முன் பதினான்கு வருடம் திருப்பதிக்கு வெளியே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டுகளைப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தேன். பிறகு எங்கள் வரிசைக்குக் கேமரா வந்தது. என் கண்ணைவிட அதற்கு வேகம் அதிகம், என் வேலை போனது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை, அதை வாங்கியவர்கள் மேல் உண்டு.

திருப்பதியில் இரண்டு அறை கொண்ட ஒரு வாடகைப் போர்ஷனில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அம்மா இருந்தவரை அவளுடன் சண்டை போட்டே பொழுது போனது. அவள் போன பிறகு வீட்டில் தமிழ் நின்றுவிட்டது. பால்காரர், மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள், பஸ் கண்டக்டர் எல்லோரிடமும் தெலுங்குதான். என் தெலுங்கு நன்றாகவே இருக்கும். ஆனால் தெலுங்கில் எனக்குக் கோபம் வராது, கிண்டல் வராது. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். சில நாட்களில் சாயங்காலம் தொண்டையைக் கனைக்கும்போதுதான் காலையிலிருந்து பேசவே இல்லை என்று தெரியும்.

போர்டை எங்கே செய்யக் கொடுப்பது என்று முதலில் யோசித்தபோது சித்தூர்தான் ஞாபகம் வந்தது. அங்கே பித்தளைப் பெயர்ப்பலகை செய்கிற ஒருவர் இருந்தார். அவர் பித்தளையை அரிக்கிற அதே மருந்துதான் போர்டின் செம்பையும் அரிக்கும். படத்தைக் கொடுத்தேன். பத்து போர்டு செய்து கொடுத்தார். அவ்வளவு அழகான போர்டை நான் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை. ஒன்றுகூட வேலை செய்யவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தால், நான் வேண்டுமென்றே வளைத்துக் கொண்டுபோன ஒரு கோடு நேராக ஓடுகிறது. மின்சாரம் வருகிற இடத்தை விட்டு விலகிப் போக வேண்டிய கோடு அது. கேட்டதற்கு, "கோணலா இருந்துச்சும்மா, பாக்க நல்லால்ல. நானே நேராக்கிட்டேன்" என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்துடன். டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் பெயர் வெட்டிப் பழகிய கை அது. நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்து இன்டர்நெட். வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றின் பக்கத்தில் ஃபைலை ஏற்றினால் அரை நிமிடத்தில் விலை சொல்கிறது. சல்லிசான விலை. ஐந்து போர்டு கேட்டாலும் முகம் சுளிக்காது, ஏனென்றால் அங்கே முகமே கிடையாது. சுங்கத்தில் மாட்டினால் மட்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு முறை வாங்கினேன். போர்டில் குறை இல்லை. நாம் கொடுத்தது எதுவோ அதுவே வரும். தப்பைக் கொடுத்தால் தப்பு பளபளவென்று வரும். அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது எனக்கு ஏனோ வெறுமையாக இருந்தது. இத்தனை கை மாறி வந்த ஒரு பொருளைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெங்களூரில் ஒரு பெரிய இடத்தையும் விசாரித்தேன். முப்பது என்றதும் குரல் மாறிய இடங்களில் அதுவும் ஒன்று.

கடைசியாகச் சென்னையில் ஒரு பட்டறை கிடைத்தது. விலை கூடுதல், ஒரு வாரம் ஆகும். ஃபைலை அனுப்பிய மறுநாள் பகலில் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"திருப்பதி, முப்பது போர்டுங்களா? ஃபைல் செக் பண்றேன். நாலு ஓட்டை ரொம்பச் சின்னதா இருக்கு, எறும்புகூட நுழையாது. இப்படியேதான் வேணுமா?"

பார்த்தேன். அளவில் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். பதினான்கு வருடம் மற்றவர்கள் தப்பைப் பார்த்தவளுக்கு இது அவமானம். "எறும்புக்குத்தான் செஞ்சேன், போர்டுக்குள்ள குடி வைக்கலாம்னு" என்றேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "மாத்தி அனுப்புக்கா, நான் வெயிட் பண்ணிக்கினு இருக்கேன்" என்றாள்.

அந்த 'பண்ணிக்கினு'வில் என் காது நிமிர்ந்தது, அம்மா பேசுகிற எங்கள் பக்கத்துத் தமிழ் அது. எந்த ஊர் என்று கேட்டேன். சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம் என்றாள். சித்தூரில் படித்து, சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். "இங்க துன்னியான்னு கேட்டா சிரிக்கறாங்கக்கா. நீ துன்னியா?" என்றாள். அம்மாவுக்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். பத்து நிமிடம் பேசியிருப்போம். மாடி அம்மாள் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எவரம்மா ஒச்சேரு?" என்றாள், யார் வந்திருக்கிறார்கள் என்று. யாரும் வரவில்லை என்றேன்.

அன்றைக்கே எனக்கு இடம் முடிவாகிவிட்டது. தறிக்காரர்களிடம் அந்தப் பட்டறையின் தரத்தைப் பற்றி அளந்தேன். உண்மை வேறு. அங்கே கொடுத்தால் ஒரு போன் வரும்.

இரண்டாவது முறை ஃபைலை அனுப்பும் முன் நன்றாகச் சரிபார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, தப்பு இல்லையென்றால் அவள் எதற்குக் கூப்பிடுவாள்? அது பட்டறையின் போன், ஃபைல் சம்பந்தமாகத்தான் பேசலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். சும்மா கூப்பிட்டுப் பேசுகிற வழக்கம் எனக்கும் கிடையாது. என்ன சொல்வது, தனியாக இருக்கிறேன் என்றா? அதனால் போர்டில் அச்சாகும் எழுத்தை இழுத்து ஓர் ஓட்டையின் மேல் வைத்து அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. அதற்கடுத்த முறை போர்டின் ஓரக்கோட்டில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். இன்னொரு முறை ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை. நாற்பத்தெட்டு வயதில் செய்கிற வேலையா என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தப்பை வைத்து முடித்ததும் மனசு லேசாகிவிடும். மறுநாள் சீக்கிரம் குளித்துவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன ஆடியில் நகரியில் ஒரு தறிக்காரர் புது ஷெட் போட்டார். முப்பது தறி, முப்பது போர்டு. வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக ஒப்புக்கொண்டேன். மோட்டார் கம்பியைத் திருகி இணைக்கும் முனைக்கான நாலு ஓட்டையைச் சின்னதாக்கி ஃபைலை அனுப்பினேன், எறும்புக் கதையைச் சொல்லி அவள் சிரிப்பாள் என்று. மறுநாள் போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் வரவில்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் தப்பு இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளே என்று பயந்தேன். ஒரு வாரத்தில் பெட்டி வந்துவிட்டது. முப்பது போர்டிலும் எறும்பு நுழையாத ஓட்டை. உள்ளே ஒரு சீட்டில், கொடுத்தபடியே செய்யப்பட்டது என்று அச்சடித்திருந்தது. பட்டறைக்குப் போன் செய்தேன். அவள் லீவு, வேறு யாரோ பார்த்தார்கள் என்றார்கள்.

நூற்று இருபது ஓட்டை. ஒவ்வொன்றையும் கை டிரில்லால் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் ஓட்டையின் உட்புறச் செம்புப் பூச்சு போய்விடும். அதனால் ஒவ்வொரு ஓட்டையிலும் மெல்லிய கம்பி விட்டு இரண்டு பக்கமும் ஈயம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போய்விட்டது. சனிக்கிழமை தறிக்காரர் போன் செய்தார். "இன்னாம்மா, நாளிக்கு நாளிக்குன்னு சொல்லிக்கினே கீறியே. நூல் அறுந்தாலும் தறி பாட்டுக்கு ஓடிக்கினு கீது. உன்ன நம்பித்தான ஷெட்ட ஓட்டறேன்" என்றார். கம்பெனி தப்பாக அனுப்பிவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னேன்.

திங்கட்கிழமை போர்டுகளை எடுத்துக்கொண்டு நகரிக்குப் போனேன். மதியம் இரண்டரை இருக்கும். ஷெட்டில் ஒரு பெண் நாலு தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலில் அவள் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. சாப்பிடவில்லையா என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன்.

"எங்கக்கா துன்றது? கண்ண அப்பால எடுத்தா நூல் அறுந்துடுது. பத்து கஜம் துணி வீணாப் பூட்ச்சு. போர்டு வந்தா தானா நிக்குமாமே, அது இன்னும் வர்லயாம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. போர்டுக்காரி நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு குரலைக் கேட்பதற்காக நான் வைத்த ஓட்டை, இவளை நாலு நாளாகச் சாப்பிடவிடாமல் நிற்க வைத்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அவளுடைய நாலு தறிக்கும் முதலில் போர்டு மாட்டினேன். மூன்றாவது தறி நூல் அறுந்ததும் தானாக நின்றபோது அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை.

தறிக்காரரிடம் ஒரு போர்டுகூட அப்படி ஒட்டுப்போட்டதாக இருக்கக் கூடாது என்று முப்பதும் புதிதாகத் தருவதாகச் சொன்னேன். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். தப்பே இல்லாத ஃபைலை அனுப்பிவிட்டு எழுந்து துணி துவைத்தேன். மறுநாள் போன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இனி இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பழக்கத்தில் போன் மட்டும் பக்கத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் அடித்தது.

"அக்கா, நாந்தான். போன தபா நான் லீவுல இருந்தேன், அந்த ஓட்டை அப்படியே பூட்ச்சு. வந்து பாத்ததும் வயிறு எரிஞ்சிடுச்சு."

"பரவால்ல. அது என் தப்பு."

"இந்த ஃபைல மூணு தபா பாத்துட்டேன்க்கா. ரெண்டு நாளா நிறுத்தி வெச்சிருக்கேன். ஒண்ணுமே ஆப்டல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த வாட்டி எங்க வெச்சிருக்கே?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"இந்தத் தடவை வெக்கல" என்றேன்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டாவது ஆர்டர்லேர்ந்தே. போர்டு பாக்கறதே வேலையா இருந்தவங்க எழுத்தக் கொண்டுபோய் ஓட்ட மேல வெப்பாங்களா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல நீ?"

"கேட்டா நிறுத்திடுவியேக்கா."

பிறகு யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சரிக்கா, அடிக்கச் சொல்லிடறேன் என்று வைத்துவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை பெட்டி வந்தது. முப்பது போர்டும் சரியாக இருந்தன.