மூளையில் மட்டும் இரண்டு கோடு

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தை இன்று காலை பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் நின்று முகர்ந்தேன். என் மூக்கே ஒரு தினுசு. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நாட்களில் திசுவிலிருந்து ஆர்.என்.ஏ. பிரிக்க ஃபீனால் ஊற்றுவோம். ஏறக்குறைய இதே வாடை. சேலையில் ஏறிக்கொண்டு கூடுவாஞ்சேரி வரை ரயிலில் கூடவே வரும். பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த வாடை வந்தால் ஸ்டெல்லாவும் வந்துவிடுகிறாள். எங்கள் கூடத்தில் பி.எச்டி. செய்த சிட்லபாக்கத்துப் பெண். ஆர்.என்.ஏ. விரல் பட்டாலே சிதைந்துவிடும் என்று அவள் மேஜைக்கு அப்படியொரு மடி. கையுறை இல்லாமல் போனால், "அக்கா, தள்ளி நில்லுங்க!" என்று கத்துவாள்.

எலியின் ஒரு ஜீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீனிலிருந்து செல் எடுக்கும் நகல்தான் ஆர்.என்.ஏ. அதை ஜெல்லில் ஓடவிட்டு எடுக்கும் படத்தில் ஒரு கோடாகத் தெரியும். ஈரலில் ஒரு கோடு வந்தது. மூளையில் இரண்டு. வழிகாட்டியான சார் பார்த்ததுமே, "கன்டாமினேஷன்மா. கை சுத்தமில்ல. திருப்பிப் பண்ணு" என்றார். புது எலி, புது ரசாயனம் என்று திருப்பிச் செய்தாள். மூளையில் மறுபடி இரண்டு.

"ஒரே கல்யாண வீடியோவ பொண்ணு வீட்டுக்கு ஒரு மாதிரி, மாப்பிள்ள வீட்டுக்கு ஒரு மாதிரி வெட்டி ஒட்டித் தராங்கல்லக்கா? அதுதான் இது. ஈரல் ஒரு துண்ட எப்பவும் வெட்டிப் போட்டுடுது. மூளை சில நகல்ல அத வச்சுக்குது" என்று ஸ்டெல்லா எனக்கு விளக்கினாள்.

சாருக்குத் தெரியாததா? வகுப்பில் நடத்தியவரே அவர்தான். பாடப்புத்தகத்தில் நடப்பது தாம்பரத்திலும் நடக்கும் என்று மட்டும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஜெல் படத்தில் அழுக்கென்று தோன்றியதைக் கத்தரித்துவிட்டு ஆய்வேட்டில் ஒட்டுவது அப்போது எங்கள் வழக்கம். இரண்டாவது கோட்டை வெட்டச் சொல்லி சார் கத்தரிக்கோலை நீட்டினார். ஸ்டெல்லா வாங்கவில்லை. கொஞ்ச நாளில் வருவதையும் நிறுத்திவிட்டாள். மெடிக்கல் கோடிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அந்த ஆய்வுக்கூடம் இப்போது இல்லை. காலி செய்தபோது அவளுடைய மாதிரிகள் இருந்த குழாய்களையெல்லாம் குப்பையில் கொட்டினார்கள். சமீபத்தில்தான் படித்தேன்: அதே ஜீன் மூளையில் இரண்டு வடிவமாக வருகிறதென்று வெளிநாட்டில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். மனசு கேட்காமல் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சாரை நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இத்தன வருஷமா நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டிருந்தேன்க்கா" என்றாள்.