அம்மா கேட்ட ஜாஸ்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு மேலே மண் சரியலாம் என்று எச்சரிக்கை வந்ததும், தம்பி அம்மாவை வற்புறுத்திப் பதுளைக்கு, என்னிடம் அனுப்பிவைத்தான். ஆடுகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டான். அம்மா வந்து சேர்ந்த மறுநாளே பாதை மூடப்பட்டது. மழை விடவில்லை. தம்பியின் போனும் வேலை செய்யவில்லை. அழைக்கும்போதெல்லாம் ஒரு பெண்குரல் சிங்களத்தில் ஏதோ சொல்லி முடித்துக்கொண்டது.

அம்மா வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. என் வாடகை வீட்டின் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். புடைத்த அரிசியை மறுபடி புடைத்தாள். அலமாரியில் இருந்த என் சேலைகளையெல்லாம் பிரித்துத் திரும்ப மடித்தாள். 

எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் நான் வேலை பார்த்தேன். அதை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி நாட்டைவிட்டுப் போகும்போது, தன் ரெக்கார்ட் பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாமே ஜாஸ். தினமும் காதில் விழுந்து விழுந்து எனக்கு அது பிடித்துப்போயிருந்தது. அம்மாவின் மனம் கொஞ்சம் அடங்கட்டும் என்று மெதுவான பியானோ தட்டு ஒன்றைப் போட்டேன்.

"என்னாடி இவன், பாதி பாதியில நிறுத்துறான்?"

"அப்படித்தான் வாசிப்பாங்கம்மா."

"நல்லா இல்ல. மாத்து."

ட்ரம்பெட் போட்டேன். அதுவும் மெதுவானதுதான். அம்மா எழுந்து செருப்பைத் தேடினாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். நம்ம பக்கத்து ஆளுங்க யாராச்சும் வந்திருந்தா வெசாரிக்கலாம்."

"பாதையே இல்லாதப்ப யாரும்மா வருவாங்க?"

"நடந்து வருவாங்கல்ல?"

குடையை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஓடாத பஸ்கள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. கடையோரம் ஒதுங்கி நின்ற ஒருவர், "மேல ஒரு லயம் மண்ணோட போயிருச்சாம், அம்மா" என்றார். எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு யாருக்கும் தெரியவில்லை. போனபோது இருந்ததைவிடப் பெரிய பயத்தோடு திரும்பி வந்தோம்.

அம்மா ஈரச்சேலையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் மறுபடியும் அந்தப் பியானோ தட்டைப் போட்டேன்.

"அதப் போடாத! அவன் நிறுத்துற நேரமெல்லாம் தகரத்துல மழை கேக்குதுடி!"

பெட்டியைக் கிளறினேன். இருப்பதிலேயே சத்தமான ஒன்றை எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஊதி, டிரம்ஸை அடித்து நொறுக்கும் தட்டு. சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். பக்கத்து வீட்டுக்கார அக்கா சுவரைத் தட்டினார்.

"கொறைக்காத" என்றாள் அம்மா.

அவள் எழுந்து சேலை மாற்றினாள். மாவு பிசைந்து ரொட்டி தட்டினாள். ஒரு பக்கம் முடிந்தால் அடுப்படியிலிருந்து, "திருப்பிப் போடு!" என்று கத்தினாள். நானும் மறுபடி மறுபடி திருப்பிப் போட்டேன். எனக்குப் பிடித்த இசைதான், ஆனால் ஒரு சுரம்கூட என் காதில் ஏறவில்லை. ஊசி கடைசி வளையத்தை நெருங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கரண்ட் போனது. ஊதிக்கொண்டிருந்தவர்கள் குரல் இழுபட்டு இழுபட்டு அடங்கினார்கள். மழை வீட்டுக்குள்ளேயே பெய்வது போல் இருந்தது. அம்மா ரொட்டியைக் கல்லில் கருகவிட்டு அடுப்படியிலேயே நின்றாள்.

"அவன இழுத்துக்கிட்டு வந்திருக்கணும். காலப் புடிச்சாவது கூட்டியாந்திருக்கணும்" என்று அழுதாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாயும் நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து தம்பி பேசினான்.

"அக்கா, லயத்துக்குப் பின்னால மண்ணு எறங்கிருச்சு. நாம சமைக்கிற குசினியும் ஆட்டுப்பட்டியும் போச்சு. ஆளுங்க எல்லாரும் ஸ்கூல்லதான் இருக்கோம்."

அம்மா போனைப் பிடுங்கினாள். "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள். பிறகு, அவன் வாயே திறக்க முடியாதபடி திட்டித் தீர்த்தாள்.

அந்த லயத்தில் மறுபடி யாரும் குடியேறவில்லை. பாதை திறந்ததும் அம்மா தம்பியிடம் போய்விட்டாள். எவ்வளவு சொல்லியும் நிற்கவில்லை. இருவரும் இப்போது தற்காலிகக் கொட்டகையில் இருக்கிறார்கள். வீடு கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் இன்னும் இடம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.